அறுவடை இல்லாத கோதுமை

ஆகஸ்ட் கழிந்து வெயில் தணியத் தொடங்கியதும், அமெரிக்காவின் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மாநிலங்களில் காட்டோரத் துண்டு நிலங்களில் டிராக்டர் ஓடும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர், மிஞ்சினால் இரண்டு மூன்று ஏக்கர். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். புளிப்பு கூடியிருந்தால் சுண்ணாம்பு போடுவார்கள். உழுது, உரமிட்டு, மழைக்கு முன்னால் கோதுமையோ ஓட்ஸோ ரையோ விதைப்பார்கள். அங்கே நடக்காத ஒரே வேலை அறுவடைதான். விளைவது முழுக்க மானுக்கு.

இப்படிப்பட்ட நிலத்தை அங்கே 'ஃபுட் பிளாட்' என்கிறார்கள். விதைப்பவர்களில் பெரும்பாலோர் வேட்டைக்காரர்கள். இலையுதிர் காலத்தில் வேட்டைப் பருவம் வரும்போது தங்கள் நிலத்துக்கு மான் வர வேண்டும், வருகிற மான் ஊட்டத்தோடு இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. துப்பாக்கியையே தொடாமல், மானைப் பார்க்கும் ஆசைக்காக விதைப்பவர்களும் உண்டு. பரண் கட்டிக் கவண் வீசிப் பயிரைக் காத்த வழியில் வந்த நமக்கு இது தலைகீழ் வேளாண்மை.

இந்த வேளாண்மைக்குள் ஓர் உயிரியல் புதிர் ஒளிந்திருக்கிறது. கோதுமை, ஓட்ஸ், ரை எல்லாமே புல் குடும்பத்துப் பயிர்கள். ஆனால் இவற்றைத் தேடி வரும் வெண்வால் மானோ புல்லை அதிகம் தின்னாத விலங்கு. காட்டில் அதைச் சுற்றிப் புல் செழித்துக் கிடந்தாலும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அப்படிப்பட்ட விலங்கு, இந்தப் புற்களை மட்டும் ஏன் தேடி வந்து மேய்கிறது? விடையின் ஒரு பாதி மானின் வயிற்றிலும் மறுபாதி கோதுமையின் குருத்திலும் இருக்கிறது.

புல்லுக்கு இடம் இல்லாத வயிறு

வெண்வால் மான், ஆடு மாடுகளைப் போலவே அசைபோடும் விலங்கு. வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையான பெருவயிற்றில் கோடானுகோடி பாக்டீரியாக்களும் ஒரு செல் உயிரிகளும் வாழ்கின்றன. தாவரத்தின் நார்ப்பொருளை உடைக்கும் நொதி மானுக்குக் கிடையாது. அந்த வேலையை இந்த நுண்ணுயிர்கள்தான் செய்து கொடுக்கின்றன.

மாட்டுக்கும் இதே அமைப்புதான். ஆனால் அளவில் பெரிய வேறுபாடு. மாட்டின் பெருவயிறு உடலளவோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. முற்றிய புல்லும் வைக்கோலும் அங்கே நெடுநேரம் ஊறி நொதித்து, நுண்ணுயிர்களுக்கு நிதானமாக வேலை கொடுக்கும். மானின் பெருவயிறு உடலளவுக்குச் சிறியது. உள்ளே போன உணவு வேகமாகக் கடந்துவிடும். அந்தச் சிறிய நேரத்துக்குள் செரிக்கக்கூடிய இளம் இலை, மொட்டு, பழம், கொட்டை ஆகியவைதான் அதற்கு ஏற்றவை. கடும் பனிக்காலத்தில் இரக்கப்பட்டு வைக்கோல் போட்டவர்கள் பிற்பாடு கண்டது, வயிறு நிறைய வைக்கோலோடு பட்டினியால் செத்துக்கிடந்த மான்களை.

ஜெர்மானிய உடற்கூறியலாளர் ரெய்ன்ஹோல்ட் ஹாஃப்மன் அசைபோடும் விலங்குகளின் வயிற்றையும் வாயையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் ஒப்பிட்டு, அவற்றை மூன்று வகையாகப் பிரித்தார்: புல் மேய்பவை, பொறுக்கித் தின்பவை, இரண்டுக்கும் இடைப்பட்டவை. மாடு முதல் வகை. வெண்வால் மான் பொறுக்கித் தின்னும் வகை. அதன் வாய் ஒடுங்கியது. ஒரு செடியில் பத்து இலை இருந்தால் அவற்றில் சத்துள்ள மூன்றை மட்டும் பறிக்க அந்த வாய் தோதானது. மர இலைகளிலும் கொட்டைகளிலும் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செரிமானத்தைக் கெடுக்கும். மானின் உமிழ்நீரில் டானினைப் பிடித்து முடக்கும் புரதங்கள் இருக்கின்றன. மரத்தையும் செடியையும் நம்பி வாழும் விலங்குக்கு இது பெரிய வசதி. புல்லில் டானின் அதிகம் கிடையாது என்பதால் மாட்டுக்கு இந்த ஏற்பாடு தேவைப்படவில்லை.

புல்லைச் செரிக்க முடியாதது எவ்வளவு பெரிய குறை என்பதை டெக்சாஸ் மாநிலத்தின் கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் 1970களில் நடந்த ஒரு சோதனை காட்டியது. 96 ஏக்கர் நிலத்தை உயரமான வேலியால் அடைத்து, அதற்குள் 6 வெண்வால் மான்களையும் ஆசியாவிலிருந்து வந்த 6 சீக்கா மான்களையும் விட்டார்கள். இலை தழை இருந்தவரை இரண்டும் பெருகின. அது குறைந்ததும் சீக்கா மான் புல்லுக்கு மாறிக்கொண்டது. வெண்வால் மானால் மாற முடியவில்லை. ஒன்பது ஆண்டு முடிவில் அடைப்புக்குள் 62 சீக்கா மான்கள் இருந்தன; வெண்வால் மான் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நம் காடுகளின் புள்ளிமான் 1932இல் டெக்சாஸ் பண்ணைகளுக்குக் கொண்டுபோகப்பட்டு, இப்போது அங்கே சுதந்திரமாகத் திரிகிறது. அதை வைத்துச் செய்த இதே போன்ற சோதனையிலும் பின்தங்கியது வெண்வால்தான். புள்ளிமானும் தேவைப்பட்டால் புல்லுக்குத் தாவிவிடும்.

இலையின் வயது

இப்படிப்பட்ட மான், விதைத்து மூன்று நான்கு வாரமான கோதுமையை ஆவலோடு மேய்வதற்குக் காரணம் அந்த இலையின் வயது.

புல் இளமையில் ஒரு தாவரம், முதுமையில் வேறொரு தாவரம் என்றே சொல்லலாம். ஒரு சாண் உயரத்தில் இருக்கும் கோதுமைப் பயிரின் உலர் எடையில் புரதம் மட்டும் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். செல் சுவர்கள் மெல்லியவை. உள்ளே சர்க்கரையும் புரதமும் நிறைந்த சாறு. வளரும் மான் குட்டியின் உணவில் சுமார் 16 சதவீதம் புரதம் வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். இந்த இலை அதைத் தாராளமாகத் தருகிறது. இதே பயிர் கணு விட்டு, தண்டு நீண்டு, கதிர் தள்ளும்போது கதை மாறுகிறது. நிமிர்ந்து நிற்க உறுதி வேண்டும் என்பதால் செல் சுவர்களில் லிக்னின் சேர்கிறது. மரத்தை மரமாக்கும் பொருள் அதுதான். லிக்னினை மானின் வயிற்று நுண்ணுயிர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அது நார்ப்பொருளைச் சுற்றி அடைத்துக்கொண்டு, செரிக்கக்கூடியதையும் செரிக்கவிடாமல் தடுத்துவிடும். கடைசியில் வைக்கோலாக நிற்கும்போது அதில் மிஞ்சும் புரதம் மூன்று நான்கு சதவீதம்.

ஆக, மானைப் பொறுத்தவரை இளங்கோதுமை புல்லே இல்லை. செரிமானத்தில் அது கீரைக்கு நிகர்.

இளம் பயிருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நிலத்தில் மண்டியிட்டு, மேய்ந்த பயிர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது தெரியும். இலையின் முனை நார்நாராகக் கிழிந்திருந்தால் மேய்ந்தது மான். மானுக்கு மேல்தாடையின் முன்புறத்தில் வெட்டுப்பல் கிடையாது, தடித்த ஈறு மட்டுமே. கீழ்ப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இலையைக் கவ்வி இழுத்துப் பிய்க்கும். கத்தியால் சாய்த்து அறுத்தது போலச் சுத்தமாக இருந்தால் அது முயலின் வேலை. இரண்டில் எது கடித்திருந்தாலும் பயிர் சாகாது. குருத்து, அதாவது வளர்நுனி, இந்தப் பருவத்தில் மண்மட்டத்துக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. இலை வளர்வதும் அதன் அடியிலுள்ள திசுவிலிருந்துதான், நுனியிலிருந்து இல்லை. மேலே பறிபோனால் கீழேயிருந்து தள்ளிக்கொண்டு வரும். பக்கத்தில் தூர் கட்டிப் புதிய குருத்துகளையும் விடும். அவரை, பயறு போன்ற செடிகளுக்கு வளர்நுனி உச்சியில் இருப்பதால், முளைத்த புதிதில் மான் ஒரு முறை கடித்தாலே செடி போய்விடும். சிறிய நிலத்தில் சோயா விதைத்தவர்கள் பலர், விளைச்சலைப் பார்ப்பதற்கு முன்பே வெறும் தண்டுகளைப் பார்த்து நின்றிருக்கிறார்கள்.

குளிருக்குக் காத்திருக்கும் குருத்து

இளமைதான் முக்கியம் என்றால், அந்த இளமை எத்தனை நாள் நீடிக்கும் என்ற கேள்வி வரும். ஏப்ரலில் விதைக்கும் கோதுமை கோடையிலேயே கதிர் தள்ளி முற்றிவிடும். செப்டம்பரில் விதைக்கும் குளிர்காலக் கோதுமையும் ரையும் மட்டும் எட்டு மாதம் கழித்து, மே மாதத்தில்தான் கதிர் விடுகின்றன. இடைப்பட்ட காலம் முழுவதும் அவை கணு விடாத இளம் பயிராகவே நிற்கின்றன. மான்களை ஈர்க்கும் தொழிலின் அடித்தளமே இந்தத் தாமதம்தான்.

இது எப்படி நேர்கிறது என்பதை 1918இல் ஜெர்மனியில் குஸ்டாவ் காஸ்னர் என்ற தாவரவியலாளர் தெளிவாக்கினார். முளைவிட்ட ரை விதைகளைப் பல்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார். குளிர்கால ரகங்கள் சில வாரம் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரை அனுபவித்தால்தான் உரிய காலத்தில் பூக்கும் என்று கண்டார். நம் பள்ளிப் பாடநூல்கள் தட்பப்பதனம் என்று சொல்வது இதைத்தான்.

குருத்துக்குள் நடப்பதை இன்று மரபணு அளவில் சொல்ல முடிகிறது. விஆர்என் 2 என்ற மரபணு பூப்பதைத் தடுக்கும் பூட்டு. விஆர்என் 1 என்ற மரபணு அதன் சாவி. குளிர் வாரக்கணக்கில் நீடித்தால்தான் சாவி சிறிது சிறிதாக விழிக்கும். ஓர் இரவுக் குளிருக்கு ஏமாறாது. குளிர் பட்டது என்ற செய்தி, டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் புரதங்களில் ரசாயன அடையாளமாகப் பதிகிறது. குருத்தில் செல்கள் பிரிந்து பிரிந்து புதிதாகும்போதும் அந்த அடையாளம் வழிவழியாகக் கைமாறுகிறது. மூளை இல்லாத பயிர், குளிர்காலம் வந்து போனதை இப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது. அதன் பிறகுதான் வசந்தத்தின் நீண்ட பகலைக் கண்டு தண்டு விடும்.

பயிர் இப்படிக் காத்திருப்பதற்குக் காரணம் எளிது. தண்டு நீண்டுவிட்டால் குருத்து மண்ணுக்கு மேலே வந்துவிடும், உறைபனியில் செத்துவிடும். ஆகவே குளிர் முடியும்வரை குருத்தை மண்ணுக்குள்ளேயே வைத்திருக்கும் ரகங்கள் பிழைத்தன. பனியிலிருந்து காப்பாற்றிய அதே ஏற்பாடு மானின் வாயிலிருந்தும் காப்பாற்றுகிறது.

குளிர் இன்னொரு மாற்றத்தையும் கொண்டுவருகிறது. இரவுகள் குளிர்ந்துவரும்போது பயிரின் வளர்ச்சி சுருங்கும். ஆனால் பகலில் ஒளிச்சேர்க்கை நடந்துகொண்டே இருக்கும். செலவழியாத சர்க்கரை இலையிலும் அடித்தண்டிலும் சேர்ந்துகொண்டே வரும். சர்க்கரை கலந்த நீர் அவ்வளவு எளிதில் உறையாது. செல்லின் சவ்வுகளையும் காக்கும். தன்னைப் பனியிலிருந்து காத்துக்கொள்ளப் பயிர் சேர்த்த சர்க்கரை, மானுக்கு ஆற்றல் மிகுந்த உணவாகிறது. சுற்றியுள்ள காட்டில் அதே நேரம் இலைகள் உதிர்ந்துவிட்டன. சிறு செடிகள் முதல் உறைபனியிலேயே கருகிவிட்டன. பச்சையாகவும் இளமையாகவும் மிஞ்சியிருப்பது இந்த அரை ஏக்கர்தான்.

நான்கு தானியம், நான்கு குணம்

விதைப்பவர்கள் இந்தத் தானியங்களுக்குள் நுணுக்கமாக வேறுபாடு பார்க்கிறார்கள். ஓட்ஸ் விரைவாக முளைத்து விரைவாகத் தழைக்கும். அதன் இலை மென்மையானது. மான் முதலில் தேடிப் போவது பெரும்பாலும் அதைத்தான். ஆனால் குளிர் தாங்காது. வடமாநிலங்களில் கடும் உறைபனி வந்ததும் பழுத்துச் சாய்ந்துவிடும். கோதுமை அதைவிடத் தாங்கும். பனிப்போர்வைக்கு அடியில் உயிரோடிருந்து மார்ச்சில் மறுபடி தழைக்கும். ரை எல்லாவற்றையும் மிஞ்சியது. உறைநிலைக்கு ஓரிரு டிகிரி மேலே இருந்தாலே முளைக்கும். நன்கு வேரூன்றிவிட்டால் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். புளிப்பு மண், மணல் மண், மேலோட்டமாகத் தூவிய விதை என்று எதற்கும் சளைக்காது. கோதுமையையும் ரையையும் கலந்து உண்டான டிரிட்டிகேல் நான்காவது. 1875இல் ஸ்காட்லாந்தில் ஸ்டீபன் வில்சன் இந்தக் கலப்பைச் செய்தபோது கிடைத்தது மலட்டுப் பயிர். 1888இல் ஜெர்மனியில் ரிம்பாவ் என்பவருக்குத்தான் விதை பிடிக்கும் கலப்பினம் கிடைத்தது. கோதுமையின் மென்மையும் ரையின் உறுதியும் அதில் ஓரளவு சேர்ந்திருக்கின்றன.

தனியாக விதைத்தால் ஏக்கருக்குச் சுமார் 45 முதல் 55 கிலோ விதை. ஒன்றிரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. பலர் தனிப்பயிராக விடுவதில்லை. ஓட்ஸும் ரையும் கலந்து விதைத்தால் அக்டோபரில் ஓட்ஸை மேய்ந்து முடிக்கும் மானுக்கு ஜனவரியில் ரை கிடைக்கும். கூடவே குளோவர் விதையையும் தூவிவிட்டால், தானியப் பயிரின் நிழலில் அது மெல்ல வேரூன்றி அடுத்த ஆண்டு தீவனமாகும். அதற்குள் ரை களையையும் அடக்கிவைக்கும். நிழலால் மட்டுமல்ல, தன் உடலில் சுரக்கும் ரசாயனங்களாலும் பிற விதைகள் முளைப்பதை அது தடுக்கக்கூடியது.

ரையின் இந்த முரட்டுத்தனத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கோலாய் வாவிலோவ், ரை ஆதியில் கோதுமை வயலின் களை என்று விளக்கினார். களையெடுப்பவர் கண்ணுக்குத் தப்பிய, கோதுமையைப் போலவே தோன்றிய செடிகளின் விதைதான் ஆண்டுதோறும் கோதுமை விதையோடு சேர்ந்து மறுபடி வயலுக்குப் போனது. அப்படியே கோதுமையின் சாயல் அதற்கு வந்தது. குளிரும் வறண்ட மண்ணும் கோதுமையைச் சாய்த்த இடங்களில் களை மட்டும் நிமிர்ந்து நின்றது. உழவர்கள் பிறகு அதையே பயிராக்கிக்கொண்டார்கள். இதைக் கண்டறிந்தவரின் முடிவு கொடியது. குளிர் கொடுத்துப் பயிரின் குணத்தையே மாற்றிவிடலாம் என்று சொல்லி ஸ்டாலின் ஆட்சியில் செல்வாக்குப் பெற்ற லைசென்கோவை எதிர்த்த வாவிலோவ், 1940இல் கைதாகி, 1943இல் சரட்டோவ் சிறையில் பட்டினியால் இறந்தார்.

அந்த முன்னாள் களையின் வேர் எவ்வளவு என்று அளக்கவும் ஒருவர் துணிந்தார். 1937இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்ட் டிட்மர், ஓரடி நீள அகலமும் இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த ஆழமும் கொண்ட பெட்டியில் ஒரே ஒரு ரை செடியை நான்கு மாதம் வளர்த்து, மண்ணைக் கழுவி வேர்களைக் கணக்கிட்டார். எல்லா வேர்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 620 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை போகும் தூரத்துக்குச் சற்றுக் குறைவு. வேர்த்தூவிகளைச் சேர்த்தால் இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். மேலே எத்தனை முறை கடிபட்டாலும் மறுபடி தழைக்கும் பயிரின் முதலீடு முழுக்க மண்ணுக்கடியில் இருக்கிறது.

ஓக் கொட்டையின் போட்டி

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த பயிரைச் சில ஆண்டுகளில் மான் திரும்பியும் பார்க்காது. அப்போது காட்டில் ஓக் மரங்கள் கொட்டையை வாரி இறைத்திருக்கும். மாவுச்சத்தும் கொழுப்பும் செறிந்த அந்தக் கொட்டைக்கு ஈடு எதுவும் இல்லை. மரத்தடியிலேயே தின்றுவிட்டு மறைவுக்குள் படுத்துக்கொள்ளலாம். டானின் குறைந்த வெள்ளை ஓக்கின் கொட்டை முதலில் தீரும். ஓக் மரம் எல்லா ஆண்டும் ஒரே அளவு காய்க்காது. காய்க்காத ஆண்டில் அக்டோபரிலேயே பச்சைப் பயிர் தரைமட்டமாகிவிடும்.

மானின் பருவக் கணக்கும் இதோடு சேர்கிறது. நவம்பரில் இணைசேரும் காலம். பெண் மானைத் துரத்தித் திரியும் ஆண் மான் உணவையே மறந்து, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். இழந்ததை மீட்கும் முன்பே பனி வந்துவிடும். பெண் மானுக்குச் சுமார் 200 நாள் கர்ப்பம். மே கடைசியிலோ ஜூனிலோ குட்டி போடும். கர்ப்பத்தின் கடைசிப் பகுதியில் புரதத் தேவை ஏறிக்கொண்டே போகும். மார்ச்சில் பனி உருகியதும் முதலில் பச்சை பிடிப்பது குளிர்காலக் கோதுமையும் ரையும்தான். வேட்டைப் பருவத்தை நினைத்து விதைத்த பயிர், மான் கூட்டத்துக்கு அதிகம் உதவுவது பல நேரம் வேட்டை முடிந்த பிறகான இந்த வாரங்களில்தான்.

அதே தானியம், மணியாக வந்தால்

இலைக்குப் பதில் தானியத்தையே கொட்டிவிட்டால் என்ன? உறைபனிக்காலத்தில் பசித்த மான்களுக்கு மக்காச்சோளமும் கோதுமையும் கொட்டும் நல்லெண்ணம் எல்லா ஊரிலும் உண்டு. அது மானைக் கொன்றுவிடக்கூடும்.

குளிர்காலத்தில் மானின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள், குச்சியும் மொட்டும் செரிக்கப் பழகியவை. மாவுச்சத்து திடீரென்று குவிந்தால், அதை விரும்பும் சில பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகி லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும். பெருவயிறு புளித்து, நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். வயிற்றுச் சுவர் புண்ணாகும். உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். ஓரிரு நாளில் மான் செத்துவிடும். நம் ஊரில் அரிசிச் சோற்றை அள்ளித் தின்ற மாடு வயிறு உப்பிச் சாவதும் இந்தக் கேடுதான். நுண்ணுயிர்க் கூட்டம் புதிய உணவுக்கு ஏற்ப மாறிக்கொள்ள இரண்டு மூன்று வாரம் வேண்டும். செப்டம்பரில் முளைத்துச் சிறிது சிறிதாக வளரும் பயிர் அந்த அவகாசத்தைத் தானாகவே தருகிறது.

கொட்டும் தானியத்தில் இன்னோர் ஆபத்து நோய். ஒரே குவியலில் பல மான்கள் மூக்கோடு மூக்கு வைத்துத் தின்னும். 1967இல் கொலராடோ ஆய்வு நிலையம் ஒன்றில் வளர்ந்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்ட உடல்தேய்வு நோய் இப்போது 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. வடிவம் பிறழ்ந்த பிரியான் என்ற புரதத்தால் வருவது, மருந்து இல்லை, வந்தால் மரணம்தான். உமிழ்நீரிலும் சிறுநீரிலும் வெளியேறும் பிரியான் மண்ணில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். பல மாநிலங்கள் தானியம் கொட்டி மானை வரவழைப்பதைத் தடை செய்திருப்பதற்கு இது முக்கியக் காரணம். நிலத்தில் வளரும் பயிருக்கு அந்தத் தடை பொதுவாகக் கிடையாது. மான்கள் அங்கே பரவலாக நின்று மேய்கின்றன. ஆனாலும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2015இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் கோதுமைப் பயிரின் இலைகளிலும் வேர்களிலும் பிரியான் ஒட்டிக்கொள்வதையும், அதைத் தின்ற ஹாம்ஸ்டர் எலிகளுக்கு நோய் வருவதையும் காட்டினார்கள். மாசுபட்ட மண்ணிலிருந்து பார்லி வேர் பிரியானை உறிஞ்சி இலைவரை கடத்தியதும் அதே ஆய்வில் தெரிந்தது.

கம்பிக் கூண்டு காட்டும் கணக்கு

1900 வாக்கில் அமெரிக்காவில் மிஞ்சியிருந்த வெண்வால் மான்கள் 3 முதல் 5 லட்சம் என்பது மதிப்பீடு. இறைச்சிக்கும் தோலுக்கும் கட்டுப்பாடின்றி வேட்டையாடியதன் விளைவு. 1900இல் வந்த லேசி சட்டம் திருட்டு வேட்டைப் பொருள் மாநிலம் விட்டு மாநிலம் போவதைத் தடுத்தது. 1937இல் வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வரி பிடித்து வனவிலங்குப் பாதுகாப்புக்குத் திருப்பியது. ஓநாயும் மலைச்சிங்கமும் ஏற்கெனவே பெரும்பகுதி நிலத்திலிருந்து துரத்தப்பட்டிருந்தன. இன்று மான்களின் எண்ணிக்கை 3 கோடி அளவில் இருக்கிறது.

மான் பெருகினால் காடு மெலியும். 1980களில் பென்சில்வேனியாவின் அலகேனி காட்டில் வேலியடைத்த பகுதிகளில் சதுர மைலுக்கு 10 முதல் 64 மான் வரை வெவ்வேறு எண்ணிக்கையில் விட்டுப் பத்தாண்டு கவனித்தார்கள். மான் 20ஐத் தாண்டிய இடங்களில் பலவகை மரக்கன்றுகள் குறைந்து, மான் தொடாத பெரணிகள் தரையை மூடின. நடுத்தர உயரக் கிளைகளில் கூடு கட்டும் பறவைகளில், மான் மிகக் குறைந்த இடத்தோடு ஒப்பிட்டால் மிக அதிகமான இடத்தில் 27 சதவீத இனங்கள் இல்லாமல் போயின.

அரை ஏக்கர் கோதுமை இந்தக் கணக்கை மாற்றாது. ஆனால் கணக்கைப் படிக்க உதவும். விவரம் அறிந்தவர்கள் விதைத்த அன்றே, நான்கைந்து அடி உயரக் கம்பி வலையை ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுக்கு வளைத்து, நிலத்தின் நடுவே குச்சி அடித்து நிறுத்திவிடுவார்கள். கூண்டுக்குள் மானின் வாய் எட்டாது. இரண்டு மாதம் கழித்து உள்ளேயும் வெளியேயும் பயிர் ஒரே உயரம் என்றால் மான்கள் வேறெங்கோ நன்றாகத் தின்கின்றன. உள்ளே முழங்கால் உயரமும் வெளியே கணுக்கால் உயரமும் என்றால் மேய்ச்சலும் விளைச்சலும் ஒத்துப்போகின்றன. உள்ளே முழங்கால் உயரத்துக்குப் பயிர், வெளியே வெறும் மண் என்றால் அந்தக் காடு தாங்குவதைவிட மான் அதிகம். அப்போது அடுத்த ஆண்டு இன்னொரு மூட்டை விதை வாங்குவது வீண். வேட்டையில் பெண் மான்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், மரங்களை ஆங்காங்கே வெட்டி வெயில் இறக்கித் தரையில் இளம் தழை வளரவிடுவதும்தான் வழி. காட்டின் இளம் தழை ஆண்டு முழுவதும் கிடைக்கும் உணவு. கோதுமையும் ரையும் ஈடுகட்டக்கூடியது அந்தத் தழை இல்லாத குளிர் மாதங்களை மட்டுமே.